உல்ரிக் ஸ்விங்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தம் என்றதும் விட்டன்பெர்க்கின் மார்ட்டின் லூதரும் ஜெனீவாவின் ஜான் கால்வினும்தான் நினைவுக்கு வருகிறார்கள். சூரிச் நகரில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் பிரசங்கித்து, 47 வயதில் போர்க்களத்தில் மாண்ட உல்ரிக் ஸ்விங்லியைப் பலர் பெயரளவில் மட்டுமே அறிவார்கள். சீர்திருத்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் அவரைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். போற்ற வேண்டிய இடத்தில் போற்றியிருக்கிறேன். மன்னிக்க முடியாத இடத்தில் அதையும் எழுதியிருக்கிறேன்.

ஸ்விங்லி லூதரின் சீடரா?

இல்லை. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். லூதர் பிறந்தது 1483 நவம்பரில், ஸ்விங்லி பிறந்தது 1484 ஜனவரி 1 அன்று. லூதரின் பெயரைக் கேள்விப்படும் முன்பே, 1516 முதல் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டதாக ஸ்விங்லி பிற்காலத்தில் வலியுறுத்திச் சொன்னார். லூதரின் நூல்களை அவர் படித்தார், சூரிச்சில் பரவவும் உதவினார். ஆனால் அவரை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்திலேயே படிக்க வற்புறுத்திய மனிதநேய அறிஞர் எராஸ்மஸ். 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்டபோது, பவுலின் நிருபங்களைக் கிரேக்கத்திலேயே தம் கையால் படியெடுத்து மனப்பாடம் செய்தவர் ஸ்விங்லி.

லூதரை வாட்டிய கேள்வி, பாவியான நான் கடவுளுக்கு முன் எப்படி நிற்பேன் என்பது. ஸ்விங்லியின் மனத்தை அறுத்த கேள்வி, இந்த ஊரும் இந்த மக்களும் கடவுளுடைய வார்த்தையின்படி வாழ்வது எப்படி என்பது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அவருடைய வாழ்க்கை முழுவதும் எளிதில் விளங்கும்.

அவர் எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தார்?

கிழக்கு சுவிட்சர்லாந்தின் டோகன்பர்க் பள்ளத்தாக்கில் உள்ள வில்டுஹவுஸ் என்ற மலைக்கிராமம். தந்தை வசதியான விவசாயி, ஊர்த்தலைவர். குருவாக இருந்த பெரியதந்தை முறையினர் ஒருவர் சிறுவனைப் படிக்க வைத்தார். பாசலிலும் பெர்னிலும் பள்ளிப்படிப்பு, வியன்னாவிலும் பாசலிலும் பல்கலைக்கழகம், 1506-இல் முதுகலைப் பட்டம். அதே ஆண்டில் குருப்பட்டம் பெற்று கிளாரஸ் ஊரின் பங்குக் குருவானார். இசையில் அபாரத் திறமை. பெர்னில் படித்தபோது டொமினிக்கன் துறவிகள் அந்தத் திறமையைப் பார்த்தே அவரை மடத்தில் சேர்த்துக்கொள்ள முயன்றார்கள். குடும்பத்தார் தடுத்து அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

அவரைச் சீர்திருத்தவாதியாக்கியது எது?

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை என்று பலர் விடையளிப்பார்கள். அதையும் அவர் எதிர்த்தார். ஆனால் அதற்கு முன்பே அவர் உள்ளத்தில் ஆறாத புண்ணாக இருந்தது கூலிப்படைத் தொழில்.

இன்று செல்வத்தின் அடையாளமாக இருக்கும் சுவிட்சர்லாந்து அன்று ஏழை மலைநாடு. விளைநிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். அந்த இளைஞர்களின் ஈட்டிப்படைக்கு ஐரோப்பாவெங்கும் கிராக்கி இருந்தது. பிரெஞ்சு மன்னர், மிலான் பிரபு, போப்பாண்டவர் என யார் பணம் கொடுத்தாலும் அவர்களுக்காகப் போரிடப் போனார்கள். ஆள் திரட்டிக் கொடுத்த உள்ளூர்ப் பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் வந்தது. பிள்ளைகள் வட இத்தாலியின் லொம்பார்டி சமவெளியில் செத்தார்கள். பணம் ஊர்ப் பெரியவர்களின் வீட்டுக்குப் போனது.

கிளாரஸ் படையோடு ஸ்விங்லியும் படைக்குருவாக இத்தாலிக்குப் போனார். 1515 செப்டம்பர் 13, 14 தேதிகளில் மிலானுக்கு அருகே மரிஞானோவில் பிரெஞ்சு பீரங்கிகளுக்கு முன் சுவிஸ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தம் பங்கில் பூசைக்கு வந்து நின்ற பையன்கள் பிணமாகக் கிடப்பதைப் பார்த்த குருவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஊருக்குத் திரும்பியபின் அந்நிய மன்னர்களுக்கு ஆள் அனுப்புவதை அவர் பிரசங்கபீடத்திலிருந்தே கண்டித்தார். பிரெஞ்சு மானியம் வாங்கியவர்கள் கிளாரஸில் அவரை இருக்க விடவில்லை. 1516-இல் ஐன்சீடல்ன் யாத்திரைத் தலத்துக்கு மாறினார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அவரே போப்பிடம் மானியம் பெற்றுக்கொண்டிருந்தார். 1520 வரை அது தொடர்ந்தது. பிரெஞ்சுப் பணத்தைக் கண்டித்தவருக்கு ரோமாபுரிப் பணத்தையும் உதற நாளாயிற்று. உதறியபின் அவர் பேச்சில் தயக்கமே இல்லை. 1521-இல் மற்ற சுவிஸ் மாநிலங்கள் படையாட்களை அனுப்பப் பிரெஞ்சு மன்னரோடு ஒப்பந்தம் செய்தபோது சூரிச் மட்டும் விலகி நின்றதில் அவர் பிரசங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மறு ஆண்டு பிக்கோக்காவில் சுவிஸ் கூலிப்படை மறுபடியும் நொறுங்கியபோது, இழவு விழாத ஊராகச் சூரிச் இருந்தது.

சூரிச்சுக்கு அவர் வந்தது எப்படி?

1518 இறுதியில் சூரிச்சின் பெரிய ஆலயமான குரோஸ்மூன்ஸ்டரில், ஊர் மக்களுக்குப் பிரசங்கிக்கும் குருவான மக்கள் குருவின் பதவி காலியானது. ஸ்விங்லியின் பெயர் அடிபட்டபோது, ஐன்சீடல்னில் ஒரு பெண்ணோடு அவருக்குத் தவறான உறவு இருந்ததாகப் புகார் கிளம்பியது. அவர் மறுக்கவில்லை. கற்பு விரதத்தைக் காக்க முடியாமல் போனதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அன்றைய குருக்களில் பலர் நிலை அதுவாகவே இருந்ததால், பெரும்பான்மை வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தச் செய்தியைச் சில சபை நூல்கள் விட்டுவிடுகின்றன. விட வேண்டியதில்லை. குருக்களின் மணமறுப்பை அவர் பிற்பாடு அத்தனை வேகத்தோடு எதிர்த்ததற்கு இந்த அனுபவமும் காரணம்.

1519 ஜனவரி 1, அவருடைய 35-ஆவது பிறந்தநாள். அன்று பிரசங்கபீடம் ஏறியவர், திருச்சபை குறித்துவைத்த அன்றன்றைய வாசகப் பகுதிகளை விட்டுவிட்டு, மத்தேயு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாக விளக்கப்போவதாக அறிவித்தார். மத்தேயு முடிந்ததும் அப்போஸ்தலருடைய நடபடிகள், பிறகு நிருபங்கள். இன்று நம் ஊரிலும் பல சபைகளில் ஒரு புத்தகத்தை எடுத்து வாரவாரம் வரிசையாகப் பிரசங்கிக்கிறார்களே, அந்த முறைக்குச் சீர்திருத்த காலத்தில் புத்துயிர் கொடுத்தவர் அவர்தான்.

அதே ஆண்டு கோடையில் கொள்ளைநோய் வந்தது. சுமார் 7000 பேர் வாழ்ந்த நகரில் பெரும் பகுதியை அது வாரிக்கொண்டு போனது. ஓய்வுக்காக வெளியூரில் இருந்த ஸ்விங்லி, செய்தி கேட்டதும் திரும்பி வந்து நோயாளிகளைச் சந்தித்தார். அவரையும் நோய் பிடித்தது. சாவின் விளிம்புவரை போய் மீண்டார். அந்த நோய்ப்படுக்கையைப் பற்றி அவர் எழுதிய ஜெபப் பாடல், உம் கையில் நான் ஒரு பாண்டம், முழுமையாக்கும் அல்லது உடைத்துவிடும் என்ற பொருளில் பேசுகிறது. ஸ்விங்லியை வறட்டு அறிவாளி என்று சொல்கிறவர்கள் இந்தப் பாடலைப் படித்திருக்க மாட்டார்கள்.

சாசேஜ் சாப்பிட்டதால் சீர்திருத்தம் தொடங்கியது என்கிறார்களே?

உண்மை. 1522, ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அச்சக உரிமையாளர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் கூடிப் புகைபோட்ட சாசேஜைத் துண்டுகளாக்கிச் சாப்பிட்டார்கள். உபவாச நாட்களில் இறைச்சி தின்பது சட்டப்படியே குற்றம். ஸ்விங்லி உடனிருந்தார், ஆனால் தாம் தின்னவில்லை. பவுலின் நிருபங்களை அச்சிடும் அவசர வேலையில் என் தொழிலாளர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள், வெறும் கூழ் அவர்களுக்குப் போதாது என்பது ஃப்ரோஷவர் நகர மன்றத்திடம் சொன்ன நியாயம்.

இரண்டு வாரம் கழித்து ஸ்விங்லி இதைப் பற்றிப் பிரசங்கித்தார், பிறகு அதை நூலாகவும் வெளியிட்டார். உபவாசம் இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும். வேதம் கட்டளையிடாததைச் சட்டமாக்கிக் கிறிஸ்தவன் தலையில் சுமத்தாதீர்கள் என்பதே அதன் சாரம். சின்ன விஷயம்தான். ஆனால் வேதத்தில் இல்லாத கட்டளையைப் போட உங்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்ற கேள்வி எழுந்துவிட்டால், அது சாசேஜோடு நிற்காது.

சீர்திருத்தத்தை முடிவு செய்தது யார், ஸ்விங்லியா, நகர மன்றமா?

இதுதான் மையமான கேள்வி. ஒரு ஆயரும் சூரிச்சுக்காக முடிவெடுக்கவில்லை, ஒரு மன்னரும் எடுக்கவில்லை. 1523 ஜனவரி 29 அன்று நகர மன்றம் பொது விவாதம் ஒன்றைக் கூட்டியது. ஏறத்தாழ 600 பேர் கூடினார்கள். ஸ்விங்லி 67 கருத்துரைகளை எழுதிக் கொண்டுவந்தார். மேசைமேல் எபிரெய, கிரேக்க, லத்தீன் வேதங்கள் திறந்து வைக்கப்பட்டிருந்தன. விவாதம் நடந்தது லத்தீனில் அல்ல, ஊர் மக்கள் பேசும் ஜெர்மனில். சூரிச் திருச்சபைக்கு மேலாளரான கான்ஸ்டன்ஸ் ஆயரின் பிரதிநிதியாக வந்த யோஹானஸ் ஃபாப்ரி, இவற்றை முடிவு செய்யப் பொதுச்சங்கமோ பல்கலைக்கழகமோ வேண்டும் என்றார். வேதம் இங்கே இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள், பிறகு எதற்குப் பாரிஸ், கொலோன் பல்கலைக்கழகங்கள் என்பதாக இருந்தது ஸ்விங்லியின் பதில். மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

குயவரும் தையற்காரரும் உட்கார்ந்திருந்த ஒரு நகர மன்றம் வேதத்தின் முன்னிலையில் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளித்தது அன்றைய ஐரோப்பாவில் பெரிய துணிச்சல். ஆனால் அதே நாளில் சபையின் திறவுகோல் அரசாங்கத்தின் கைக்கும் போனது. ஸ்விங்லியின் சாதனைகளும் அவர் பெயரில் ஒட்டிய இரத்தமும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை என்பதே என் துணிபு.

சிலைகளை உடைத்தாராமே? பாட்டையும் நிறுத்தினாரா?

1524 கோடையில் மன்றத்தின் ஆணைப்படி ஆலயங்களிலிருந்து சுரூபங்கள் அகற்றப்பட்டன. கும்பல் புகுந்து சூறையாடவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டு, குருக்களும் கைவினைஞர்களும் இரண்டு வாரத்துக்குள் வேலையை முடித்தார்கள். சொந்தப் பணத்தில் சுரூபம் வைத்திருந்த குடும்பங்கள் திரும்ப எடுத்துச் செல்ல அனுமதி இருந்தது. அப்படியும் எத்தனையோ தலைமுறைகளின் கலைச்செல்வம் அழிந்தது. மரச்சிலைக்குச் செலவிடும் பொன் கடவுளின் உயிருள்ள சாயலான ஏழைக்குப் போகட்டும் என்ற அவர் வாதத்தை நான் மதிக்கிறேன். இழப்பையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

பாட்டின் கதை விசித்திரமானது. சீர்திருத்தத் தலைவர்களில் இசைப்புலமை மிக்கவர் எனலாம்; பல வாத்தியங்கள் வாசிப்பார். அவரே ஆராதனையில் இசையை நிறுத்தினார். புரியாத லத்தீன் பாட்டு ஜெபத்தைக் கெடுக்கிறது என்று கருதினார். 1527-இல் குரோஸ்மூன்ஸ்டர் ஆர்கன் பிரிக்கப்பட்டது. சூரிச் ஆலயங்களில் சபைப் பாட்டு மறுபடி ஒலித்தது 1598-இல்தான். வீட்டில் மட்டும் அவர் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார்.

மடங்களின் சொத்து என்ன ஆனது?

அவருடைய சீர்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1524 டிசம்பரில் ஃப்ரௌமூன்ஸ்டர் மடத்தின் தலைவி கத்தரீனா ஃபான் சிம்மர்ன், நூற்றாண்டுகளாக அரச உரிமை பெற்றிருந்த தம் மடத்தை நகரத்திடம் ஒப்படைத்தார். அவர் எதிர்த்து நின்றிருந்தால் நகரத்தில் கலவரம் மூண்டிருக்கும். மறுமாதம், 1525 ஜனவரியில், மன்றம் ஏழைகளுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. தெருவில் பிச்சையெடுப்பது நின்றது. அதற்குப் பதிலாக முன்னாள் டொமினிக்கன் மடத்தில் நாள்தோறும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ரொட்டியோடு வழங்கினார்கள். நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் மடத்து வருமானத்திலிருந்து உதவி ஒதுக்கப்பட்டது. தருமம் செய்தால் புண்ணியம் என்ற எண்ணம் போய், ஏழையைக் காப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் சட்டமானது.

அதே ஆண்டு ஜூன் மாதம் குரோஸ்மூன்ஸ்டரில் வேத ஆராய்ச்சிப் பள்ளி தொடங்கியது. ஒரே பகுதியை எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் படித்து ஆராய்ந்தபின், கடைசியில் மக்கள் மொழியில் பிரசங்கம். இந்தக் கூட்டு உழைப்பிலிருந்து சூரிச் வேதாகமம் உருவானது. 1531-இல் ஃப்ரோஷவர் அதை முழு நூலாக அழகாக அச்சிட்டார். லூதரின் முழு வேதாகமம் வந்தது 1534-இல்.

அவர் திருமணம் செய்துகொண்டாரா?

ஆம். மூன்று பிள்ளைகளின் தாயான விதவை அன்னா ரைன்ஹார்ட்டை 1522-இல் இரகசியமாகவும், 1524 ஏப்ரலில் ஊரறியவும் மணந்தார். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள்.

லூதரோடு என்ன சண்டை?

திருவிருந்தைப் பற்றி. அப்பத்தோடு கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே தரப்படுகிறது என்றார் லூதர். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்தில் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறது. அப்பம் அவருடைய மரணத்தை நினைவுகூரும் அடையாளம், சபை ஒன்றாகக் கூடிச் செய்யும் விசுவாச அறிக்கை என்றார் ஸ்விங்லி. 1525-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் சூரிச்சில் பூசை நின்று, ஆலய நடுவில் மேசை போட்டு, மரத்தட்டிலும் மரக்கிண்ணத்திலும் அப்பமும் திராட்சரசமும் உட்கார்ந்திருந்த சபையாரிடையே கொண்டுவரப்பட்டன.

ஹெஸ்ஸே பிரபு பிலிப் இருவரையும் 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டைக்கு அழைத்தார். இது என் சரீரம் என்ற லத்தீன் வாக்கியத்தை லூதர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து இம்மியும் நகரவில்லை. யோவான் 6-ஆம் அதிகாரத்தின் மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது என்ற வசனத்தை ஸ்விங்லி திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இறுதியில் எழுதிய 15 விசுவாசக் கருத்துரைகளில் 14-இல் முழு ஒப்புதல். பதினைந்தாவதிலும் பெரும் பகுதிக்கு ஒப்புதல் கிடைத்து, சரீரத்தின் பிரசன்னம் மட்டும் தீராமல் நின்றது. ஸ்விங்லி கண்ணீரோடு நட்புக்கரம் நீட்டினார் என்றும், லூதர் சகோதரன் என்று ஏற்க மறுத்தார் என்றும் பதிவுகள் சொல்கின்றன. அன்று பிரிந்த இரு குடும்பங்கள் ஐரோப்பாவில் திருவிருந்துப் பந்தியில் அதிகாரபூர்வமாகச் சேர 1973 வரை ஆனது.

மறுஞானஸ்நானக்காரர்களை அவர் கொன்றாரா?

கொல்லும் ஆணையைப் பிறப்பித்தது மன்றம். அவர் அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தார். இதை மழுப்பக் கூடாது.

கான்ராட் கிரேபெல், ஃபெலிக்ஸ் மான்ஸ் இருவரும் ஸ்விங்லியோடு உட்கார்ந்து வேதம் படித்த இளைஞர்கள். வேதம் சொல்வதைச் செய்ய மன்றத்தின் அனுமதிக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். சாசேஜ் விவகாரத்தில் ஸ்விங்லி கேட்ட அதே கேள்வி, இப்போது அவரிடமே திரும்பி வந்தது. 1525 ஜனவரி 21 அன்று மான்ஸின் தாயார் வீட்டில் கூடியவர்கள், குழந்தையாகப் பெற்றது செல்லாது என்று, ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் என்றால் ஊரே சபை. விசுவாசித்தவருக்கு மட்டும் என்றால் சபை வேறு, ஊர் வேறு. ஸ்விங்லி கட்டிய அமைப்பின் அடித்தளத்தையே இது அசைத்தது.

1526 மார்ச்சில் மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை விதித்தது. 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸைக் கைகால் கட்டி, படகிலேற்றி, லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். கரையில் நின்ற தாயும் சகோதரனும் விசுவாசத்தை விடாதே என்று குரல் கொடுத்தார்கள். புரொட்டஸ்டன்ட் அரசு ஒன்று மறுஞானஸ்நானத்துக்காக முதன்முதலில் கொன்றது இவரைத்தான். கொன்றது ஸ்விங்லியின் ஊர். அந்தக் காலம் அப்படி என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. மனசாட்சியைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். 2004 ஜூன் மாதத்தில் சூரிச் சீர்திருத்தத் திருச்சபை, அந்த மரபின் வாரிசுகளான மெனனைட், ஆமிஷ் சபையாரை அழைத்து மன்னிப்புக் கேட்டு, லிம்மாட் கரையில் நினைவுக்கல் பதித்தது.

ஒரு போதகர் போர்க்களத்தில் இறந்தது எப்படி?

1528-இல் பெர்ன், 1529-இல் பாசல் என்று சீர்திருத்தம் பரவியது. ஊரி, ஷ்வீட்ஸ், உண்டர்வால்டன், லூசர்ன், சுக் ஆகிய ஐந்து மாநிலங்கள் கத்தோலிக்கராகவே நின்றன. 1529-இல் காப்பெல் என்ற இடத்தில் இரு படைகளும் எதிரெதிரே வந்தும் போர் நடக்கவில்லை. பேச்சுவார்த்தை நீண்டபோது இரு தரப்புப் படைவீரர்களும் எல்லையில் ஒரே அண்டாவைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பால் தர, மற்றவர் ரொட்டி தர, சேர்ந்து உண்டதாகச் சுவிஸ் மக்கள் இன்றும் சொல்வார்கள். ஸ்விங்லிக்கு அந்தச் சமாதானத்தில் உடன்பாடில்லை. அது நிலைக்காது என்றார்.

1531-இல் அந்த ஐந்து மாநிலங்களுக்குத் தானியமும் உப்பும் போகாமல் சூரிச்சும் பெர்னும் வழி அடைத்தன. போருக்குப் பதிலாக இதைச் செய்யலாம் என்று பெர்ன் சொன்னது. பசித்தவனை மூலையில் தள்ளினால் திருப்பி அடிப்பான் என்று ஸ்விங்லிக்குத் தெரியும்; அதைவிட நேரடிப் போரே மேல் என்று அவர் கருதினார். இரண்டுமே தவறு. அக்டோபர் 11 அன்று சுமார் 7000 பேர் கொண்ட கத்தோலிக்கப் படை காப்பெலில் வந்து இறங்க, அவசரமாக ஓடிவந்த சூரிச் படை அதைவிட மிகச் சிறியது. சில மணி நேரத்தில் சூரிச் தரப்பில் ஏறத்தாழ 500 பேர் மடிந்தார்கள். அவர்களில் போதகர்கள் இருபதுக்கு மேல், ஸ்விங்லியும் ஒருவர். அவர் உடலை நான்காக வெட்டி எரித்தார்கள். அன்னா ஒரே நாளில் கணவனையும், முதல் திருமணத்து மகனையும், மருமகனையும், சகோதரனையும் இழந்தார். மரிஞானோவில் பிள்ளைகள் மடிந்ததைப் பார்த்துக் கூலிப்போரை வெறுத்தவர், தம் சபைப் பிள்ளைகளோடு போர்க்களத்தில் மடிந்தார்.

அவரோடு சூரிச் சீர்திருத்தம் முடிந்துவிட்டதா?

முடிந்திருக்கக்கூடும். காப்பாற்றியவர் 27 வயது ஹைன்ரிக் புல்லிங்கர். போதகர்கள் அரசியலில் தலையிடக் கூடாது என்று மன்றம் நிபந்தனை போட்டபோது, வேதம் பேசும் இடத்தில் என் வாயைக் கட்ட முடியாது என்று சொல்லி அந்தச் சுதந்திரத்தைப் பெற்ற பிறகே பதவி ஏற்றார். 1575 வரை, 44 ஆண்டுகள் சபையை நடத்தினார். அன்னாவையும் பிள்ளைகளையும் ஆதரித்தார். 1549-இல் திருவிருந்து பற்றிக் கால்வினோடு அவர் செய்த உடன்படிக்கையால் சூரிச்சும் ஜெனீவாவும் ஒரே மரபாயின. ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, ஹங்கேரி எனப் பரவிய சீர்திருத்தத் திருச்சபைகளின் ஊற்றுகளில் ஒன்று இதுதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை; மரபு வழியாக உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லூதரின் மரபினர். ஆனால் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது சீர்திருத்தத் திருச்சபை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அவர்கள் 1706-இல் கட்டிய ஆலயம் உள்நாட்டுப் போரில் அழியும்வரை நின்றது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பம் டச்சு சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. 1853-இல் அந்தக் குடும்பத்தார் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்த ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் கிளைகள் வழியாக இந்த மரபு கலந்திருக்கிறது.

கருத்தளவிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. நம் ஊர் பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் பலவற்றில் திருவிருந்து ஒரு நினைவுகூருதலாகப் போதிக்கப்படுகிறது, விசுவாசித்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறது. முதலாவது ஸ்விங்லி வற்புறுத்திய போதனை. இரண்டாவதுக்காக ஃபெலிக்ஸ் மான்ஸ் உயிரைக் கொடுத்தார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1523-இன் 67 கருத்துரைகளிலிருந்து. ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். கிறிஸ்து ஒருவரே தலை, மற்றதெல்லாம் அவருக்குக் கீழே என்ற ஒரே வாதம் உணவு, திருமணம், பூசை, அரசாங்கம் என்று எப்படி விரிகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். அடுத்து கொள்ளைநோய்ப் பாடல். அதன்பின் மார்பர்க் விவாதக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் லூதர் தரப்பார் எழுதிய குறிப்பையும் ஸ்விங்லி தரப்பார் எழுதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.